ஒன்பதாம் அறையின் மூக்கு

அந்த முதியோர் இல்லத்தில் என்னை எல்லோரும் மூக்குக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். என் மூக்கு கொஞ்சம் பெரிதுதான், ஆனால் காரணம் அதுவல்ல. அங்கே சுவர்களில் மாட்டியிருக்கும் பதினோரு கருவிகளுக்கு நான் பொறுப்பு. ஒவ்வொன்றும் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளை டப்பா. உள்ளே இருக்கும் சின்ன விசிறி அறையின் காற்றை இழுக்கும். காற்றில் சளிக்காய்ச்சல் கிருமி இருந்தால் அங்கே இருக்கும் ஈரப் பட்டையில் ஒட்டிக்கொள்ளும். இருபது நிமிடத்தில் கம்பியே இல்லாமல் செய்தி போய்விடும், நர்ஸ் மேஜைமேல் இருக்கும் பலகைக்கும் என் போனுக்கும். பச்சை என்றால் நல்ல காற்று. சிவப்பு என்றால் கிருமி. யாரும் தும்முவதற்கு முன்னாலேயே சொல்லிவிடும் என்பதுதான் அதன் பெருமை. கருவிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அதை யார் சொல்வது? இல்லத்து வேலைக்கார ஆயாம்மா வைத்த பெயர்தான் நிலைத்தது. மூக்கு.

இப்படி ஆறு கட்டடங்கள் என் தலையில். ஒரு பள்ளிக்கூடம், இரண்டு அலுவலகம், ஒரு நூலகம், ஒரு பல் ஆஸ்பத்திரி, இந்த இல்லம். ஏணியை வண்டியில் ஏற்று, இறக்கு, மறுபடி ஏற்று. அந்த மாதம் எனக்கு ஒரே அசதி. காலையில் எழுந்திருக்கும்போதே ஒரு நாள் வேலையை முடித்துவிட்ட மாதிரி இருக்கும். ஜுரம் இல்லை, சளி இல்லை, தொண்டை வலி இல்லை. அசதி மட்டும்தான். ஐம்பத்து நான்கு வயதில் ஏணி ஏறி இறங்குகிறவனுக்கு அசதி வராமல் என்ன வரும் என்று விட்டுவிட்டேன். அசதி இல்லாத ஒரு ஆளை அந்த வருடம் நான் எங்கேயும் பார்க்கவில்லை.

இல்லத்தில் ஒன்பதாம் அறையில் என் அத்தை இருந்தாள். அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் குடும்பத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் ஒண்டிக்கட்டை. மற்றவர்கள் எல்லாம் எங்கெங்கோ போய்விட்டார்கள். அத்தை ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவள். ஞாபகம் போனபோது எல்லாம் போய்விட்டது, கவுண்டர் மட்டும் போகவில்லை. முன்னால் யார் வந்து நின்றாலும், டாக்டரே வந்து நின்றாலும், தலையைத் தூக்காமல் கேட்பாள்:

"எங்க போகணும்?"

கேட்காத ஒரே ஆள் நான். என் முகத்தைப் பார்த்தால், "வந்துட்டியா" என்பாள். பெயர் வராது. ஆனால் "வந்துட்டியா" வரும். அந்த ஒரு சொல்லுக்காக நான் தினமும் மதியம் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவேன். மாஸ்க் போட்டிருந்தால் வராது. மாஸ்க் போட்டவர்கள் எல்லோரும் அவளுக்குப் பயணிகள். சேர்ந்த முதல் வாரத்தில் ஆயாம்மா மதியச் சாப்பாட்டை ஊட்டப் போய், அத்தை துப்பி, பெரிய ரகளை. அதிலிருந்து காலையும் ராத்திரியும் டம்ளரில் கொடுப்பதைக் குடித்துக்கொள்வாள். மதியச் சாப்பாடு மட்டும் என் கையால். கதவைச் சாத்திவிட்டு மாஸ்க்கைக் கழற்றுவேன். அது விதிக்கு விரோதம்தான். தலைமை நர்ஸான பெரிய சிஸ்டருக்கும் தெரியும். அவளும் களைத்துப்போனவள், தெரியாத மாதிரி இருந்துவிடுவாள்.

பக்கத்துக் கட்டிலில் போஸ்ட்டம்மா. வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தே கால் தேய்ந்தவள், இப்போது சக்கர நாற்காலி. கால் போனாலும் வாய் ஓயாது.

"அவளுக்கு மட்டும்தான் ஊட்டுவியா? நானும் அத்தை மாதிரிதான்டா. ஆ காட்டறேன் பாரு."

சில நாள் ஒரு ஆரஞ்சுச் சுளையை உரித்து அவள் வாயிலும் போடுவேன். "பரவால்ல, கை சுத்தமாதான் இருக்கு" என்று சான்றிதழ் கொடுப்பாள். கையைப் பற்றிச் சரியாகத்தான் சொன்னாள்.

ஒரு திங்கட்கிழமை கூடத்து மூக்கு சிவந்தது.

திங்கட்கிழமை பராமரிப்பு நாள். ஒவ்வொரு மூக்கையும் திறந்து, பழைய பட்டையை எடுத்து, புதிதை வைத்து, காற்று நுழையும் வலையில் இருக்கும் தூசியைப் போக்க வேண்டும். அதற்கு ரப்பர் பந்து ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அமுக்கினால் காற்று வரும். அதை யார் தேடிக்கொண்டிருப்பது? எங்கள் தொழிலில் எல்லோரும் மாஸ்க்கை முகவாய்க்கு இறக்கிவிட்டு வாயால்தான் ஊதுவோம். ஒரே ஊது, தூசி போயிற்று. எனக்குக் கற்றுக்கொடுத்தவனும் ஊதினான், நான் கற்றுக்கொடுத்தவர்களும் ஊதுகிறார்கள்.

அன்றைக்குக் கூடத்து வலையில் மட்டும்தான் தூசி இருந்தது; அதை ஊதிவிட்டு நான் ஐந்தாம் அறையில் இருக்கும்போது போன் அலறியது. கூடம், சிவப்பு. பெரிய சிஸ்டர் ஓடிவந்தாள்.

நிஜச் சிவப்பு என்றால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன். பதினான்கு நாள் வெளியாட்கள் யாருக்கும் கதவு திறக்காது. பிள்ளை, பெண், மருமகள், யாராக இருந்தாலும் சரி. மூக்குக்காரன் மட்டும் கருவி வேலைக்காக உள்ளே வரலாம், அறைக்குள் உட்கார முடியாது. பதினான்கு நாள் மதியச் சாப்பாடு இல்லாமல் அத்தை என்ன ஆவாள்? ஏற்கெனவே எலும்பும் தோலும்.

ஆனால் சிவப்பு நிஜமா பொய்யா என்று முடிவு செய்வதும் ஒரு ஆள்தான். அந்த ஆள் நான். முதலில் தொப்பி போட்டுப் பார்க்க வேண்டும். தொப்பி என்பது வடிகட்டி வைத்த ஒரு மூடி. அதை மாட்டினால் மூக்குக்குச் சுத்தமான காற்று மட்டும்தான் போகும், பச்சைதான் வரும். வந்தால் கருவி சரி. பிறகு தொப்பியை எடுத்துவிட்டுப் புதுப் பட்டையோடு மறுபடி ஓட்ட வேண்டும். அப்போதும் சிவந்தால் நிஜம். பச்சை வந்தால் பொய் எச்சரிக்கை. பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டும் பச்சை. கையெழுத்துப் போட்டேன்.

"இந்த மாசம் வந்த பட்டை சரியில்ல சிஸ்டர்" என்றேன். சொன்ன பிறகு நானே அதை நம்பிவிட்டேன்.

புதன்கிழமை ஆயாம்மா கூடத்தில் கம்பளிகளை உதறியதில் வலையில் தூசி அடைத்துக்கொண்டது. கூடத்து மூக்கு மஞ்சள் காட்டியது. மஞ்சள் என்றால் மூச்சடைப்பு, வேறொன்றுமில்லை. அத்தைக்கு ஊட்ட வந்தவன் அப்படியே ஏணி போட்டு ஏறி, திறந்து, ஊதி, மூடினேன். நான் ஒன்பதாம் அறையில் இரண்டாவது கரண்டியில் இருக்கும்போது மறுபடி சிவப்பு. மறுபடி தொப்பி, மறுபடி புதுப் பட்டை, மறுபடி பச்சை. மறுபடி கையெழுத்து.

பெரிய சிஸ்டர் பதிவேட்டை மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒரு தடவை பொய்னா சரி. ரெண்டு தடவையுமா?"

"பட்டைதான் சிஸ்டர். கம்பெனிக்கு எழுதிட்டேன்."

எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுகிறது.

அன்றைக்குத்தான் அந்தக் காரியம் செய்தேன். கெட்ட பட்டை கூடத்தில் சிவந்தால் ஒன்பதாம் அறையிலும் சிவக்காதா? சிவந்தால் அடுத்த நிமிடம் அத்தையின் கதவைச் சாத்திவிடுவார்கள். பையில் இருந்து தொப்பியை எடுத்து ஒன்பதாம் அறை மூக்குக்கு மாட்டினேன். ஊட்டி முடிக்கும் அரை மணி நேரத்துக்குத்தான் என்று சொல்லிக்கொண்டேன். போஸ்ட்டம்மா நாற்காலியில் இருந்து பார்த்தாள்.

"அதுக்கு என்ன, குளிருதா?"

"ஆமா. நீங்க விடற குறட்டைக் காத்து தாங்கலையாம்."

சிரித்தாள். நான் கிளம்பும்போது தொப்பியை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதிவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. மறக்கவில்லை. கதவு வரைக்கும் போய், திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை. மறுபடி கம்பளி, மறுபடி மஞ்சள். கூடத்தில் ஏணி போட்டேன். மூன்றாவது படியிலேயே மூச்சு வாங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். பிறகு திறந்து, மாஸ்க்கை இறக்கி, ஊதி, மூடி, இறங்கினேன். கீழே உட்கார்ந்து திருகாணிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அரை மணி ஆகியிருக்காது, தலைக்கு மேலே சிவப்பு.

பெரிய சிஸ்டர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை.

சக்கர நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த போஸ்ட்டம்மாதான் பேசினாள். "ஏம்ப்பா, நானும் இந்த வாரம் பூரா பாத்துட்டிருக்கேன். நீ ஊதுனாதான் அதுக்குக் கோவம் வருது."

"என்ன சொல்றீங்க?"

"திங்கக்கிழமை ஊதின, செவந்துது. புதன்கிழமை ஊதின, செவந்துது. இன்னிக்கும் ஊதின, இதோ நிக்குது. நடுவுல ஒரு நாளாவது தானா செவந்துதா? இல்ல. பல்லு வெளக்கறியா இல்லியா நீ?"

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அட, ஆமாம்! ஊதினால்தான் சிவக்கிறது. நான் ஊதியது நேரே பட்டையில் போய் விழுகிறது. பட்டை நல்ல பட்டை, கருவி நல்ல கருவி, கூடத்துக் காற்றும் நல்ல காற்று. ஒரு வாரமாகக் கழுத்தில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. பதிவேட்டை வாங்கி, காரணம் என்ற இடத்தில், பழுதுபார்ப்பவரின் மூச்சு கருவிக்குள் போனதால், என்று எழுத ஆரம்பித்தேன்.

"அப்ப இங்க காத்துல ஒண்ணும் இல்லையா?" என்றாள் பெரிய சிஸ்டர். அவள் முகத்திலும் ஒரு தெளிவு.

"ஒண்ணுமே இல்ல சிஸ்டர். எல்லாம் என் மூச்சுலதான் இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். பேனா நின்றுவிட்டது. தூசிக்கு மூக்கு சிவக்காது. காப்பி வாசனைக்குச் சிவக்காது. பல் விளக்காத வாய்க்கும் சிவக்காது. அது ஒன்றே ஒன்றுக்குத்தான் சிவக்கும். ஆறு கட்டடத்துக்கும் அதை நான்தான் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பெரிய சிஸ்டர் இரண்டு அடி பின்னால் போனாள். "மாஸ்க்கை மேல ஏத்துங்க" என்றாள் மெதுவாக. போஸ்ட்டம்மாவின் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு மேஜைப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு விளக்கில் ஒன்றுதான் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை.

"ஒன்பதாம் ரூம் பச்சையாதானே இருக்கு? தினமும் அங்கதான் மாஸ்க் இல்லாம உக்காந்து ஊட்டறீங்க. உங்ககிட்ட இருந்தா அங்கதானே மொதல்ல செவக்கணும்?" அவள் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அவளுக்கும் பதினான்கு நாளை நினைத்தால் பயம்தான்.

அந்த இடத்தில் நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் படுத்துவிட்டு வந்திருக்கலாம். தொப்பியைப் பற்றி ஒரு நாயும் குரைத்திருக்காது. சொல்லலாமா என்று யோசித்தேனா? யோசித்தேன். அவள் கண் இமைக்கிற நேரம்தான், ஆனாலும் யோசித்தேன்.

"அதுக்குத் தொப்பி போட்டு வெச்சிருக்கேன் சிஸ்டர்."

"எப்பலேருந்து?"

"புதன்கிழமைலேருந்து."

அவள் என்னை உள்ளே விடவில்லை. தானே ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் அறைக்குப் போனாள். நான் வெளியே போய் வண்டியில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டேன். இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் நான் எதை எதையோ வேண்டிக்கொண்டேன். எல்லாம் அத்தைக்காகத்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அறையில் இரண்டு கட்டில்.

சிவப்பு.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். "இது பொய் இல்ல சிஸ்டர்."

"தெரியுது" என்றாள். "டாக்டரைக் கூப்பிட்டாச்சு. நீங்க வீட்டுக்குப் போங்க. போய்ப் படுங்க. நீங்களும் டெஸ்ட் எடுத்துக்குங்க."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எனக்கும் இருந்தது, அவர்கள் இரண்டு பேருக்கும் இருந்தது, வேறு யாருக்கும் இல்லை. எந்தக் கட்டடத்தில் இருந்து வாங்கிக்கொண்டு வந்தேனோ தெரியாது. தொப்பி மாட்டுவதற்கு முன்னால் என் ஒருவன் மூச்சு அந்த அறையைச் சிவக்க வைக்கப் போதவில்லை போலிருக்கிறது; வெள்ளிக்குள் அது மூன்று பேர் மூச்சாகிவிட்டது. எனக்கு அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை, அதே அசதிதான். பகலெல்லாம் படுத்துக்கொண்டு போனில் ஒன்பதாம் அறையின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு கட்டடத்துக்கும் போன் போட்டு, நான் போன தேதிகளைச் சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டேன். கம்பெனிக்கும் எழுதினேன், தொப்பியைப் பற்றியும் எழுதினேன். வேலை போகும் என்று நினைத்தேன். வேறு ஆள் இல்லாததால் போகவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, ரப்பர் பந்துக்குப் பதில் வாயால் ஊதக்கூடாது என்று கொட்டை எழுத்தில் எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கையும் போனது.

தினமும் சாயங்காலம் சிஸ்டர் இரண்டு வரி அனுப்புவாள். அத்தைக்கு லேசான ஜுரம். அத்தைக்கு ஜுரம் குறைந்தது. நான் அத்தை என்ற சொல்லைத் தேடிப் படித்துவிட்டு போனை வைத்துவிடுவேன். நான்காம் நாள் இரண்டாவது வரியையும் படித்தேன். போஸ்ட்டம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம்.

வண்டி வந்து ஸ்ட்ரெச்சரை அறைக்குள் கொண்டுவந்தபோது அத்தை எழுந்து உட்கார்ந்து அந்த ஆட்களைக் கேட்டாளாம்: "எங்க போகணும்? போறதுக்கு மட்டுமா, திரும்பி வரவுமா?" பதினோராம் நாள் போஸ்ட்டம்மா ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள்.

அவளுடைய மகள் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனதாகச் சிஸ்டர் சொன்னாள். என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் மகளிடம் சொன்னார்களாம், தொப்பியையும் சேர்த்து. மகள் பெட்டியை மூடிவிட்டு, "அம்மா போன்ல பேசும்போது ஒரு ஆளைப் பத்திச் சொல்வாங்க, ஆரஞ்சு உரிச்சுக் குடுப்பார்னு. அவர்தானா?" என்று கேட்டாளாம். அவ்வளவுதான். அதைக் கேட்ட அன்றைக்கு நான் அழுதேன். நோய்வாய்ப்பட்ட பதினான்கு நாளில் ஒரு தும்மல்கூட வராதவனுக்கு அன்றைக்குத்தான் மூக்கு ஒழுகியது.

பதினைந்தாம் நாள் கதவு திறந்தது. மதியம் ஏணியோடு போனேன். ரப்பர் பந்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஒன்பதாம் அறைக் கதவு திறந்தே இருந்தது. ஒரு கட்டிலில் மெத்தையை இரண்டாக மடித்து வைத்திருந்தார்கள். இன்னொன்றில் அத்தை சாய்ந்து உட்கார்ந்திருக்க, ஆயாம்மா மாஸ்க் போட்டுக்கொண்டு அவளுக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். அத்தை வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

நான் வாசலில் நின்றுவிட்டேன். "சாப்பிடறாங்களா?"

"மொத நாள் துப்பினாங்க. ரெண்டாம் நாள்லேருந்து ஒரு தொல்லையும் இல்ல" என்றாள் ஆயாம்மா. "வண்டி வர்ற நேரமாச்சு, கவுண்டரைத் தொறக்கணும், சீக்கிரம் சாப்பிடுங்கன்னு சொன்னா கடகடன்னு சாப்பிட்டுடறாங்க. நாமதான் இவ்வளவு நாளா வீணா பயந்துட்டோம்."

ரெண்டாம் நாள்லேருந்து. எந்தப் பயத்தில் தொப்பியை மாட்டினேனோ, அந்தப் பயம் ஒரு நாளுக்குமேல் தாங்கவில்லை.

ஆயாம்மா தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு ஏணியைச் சுவரில் சாய்த்தேன். மூக்கு பச்சையாக இருந்தது, தலை மொட்டையாக, தொப்பி இல்லாமல். சத்தம் கேட்டு அத்தை என் பக்கம் திரும்பினாள். என் கை தன்னால் மாஸ்க்குக்குப் போனது. கழற்றினால், "வந்துட்டியா" என்பாள். டெஸ்டில் எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தாயிற்று. கழற்றியிருக்கலாம். காதில் மாட்டியிருந்த கயிறு வரைக்கும் விரல் போயிற்று. மடித்து வைத்த மெத்தை கண்ணில் பட்டது. கையை இறக்கிவிட்டேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க போகணும்?"

"எங்கயும் போகல அத்தை. மேல இருக்கற மூக்கைப் பாக்க வந்தேன்."

"டிக்கெட் வேணாமா?"

"வேணாம்."

அவளுக்குச் சலிப்பாக இருந்திருக்க வேண்டும். முப்பத்தோரு வருடம் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்.

"அப்ப ஏன் வழியை அடைச்சுக்கிட்டு நிக்கற? பின்னால ஆளுங்க நிக்கறாங்க பாரு. தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன்.